பானட்டில் ஓட்டை போட்டால் கார் பறக்குமா?

காருக்கு மூக்கு வைக்கிற மோகம் இளைஞர்களை விட்டபாடில்லை!

பானட்டின் மேல் ஒரு மேடு. அதன் முன்பக்கம் வாயைப் பிளந்த மாதிரி ஒரு திறப்பு. இதற்கு 'ஸ்கூப்' என்று பெயர். பானட் தகட்டிலேயே மீன் செதில் மாதிரி வரிசையாக வெட்டி விட்டால் அது 'வென்ட்'.

ஸ்விப்ட், போலோ, ஐ-20 என்று எந்தக் காரும் தப்புவதில்லை. "மூக்கு வைத்தால் வண்டி சும்மா பறக்கும்" என்று ஒருவர் சொல்ல, அதை நாலு பேர் நம்ப, அப்பன் சம்பாதித்த காசில் வாங்கிய கார் பட்டறைக்குப் போகிறது.

பறக்கிறதோ இல்லையோ, ஒன்று மட்டும் நிச்சயம். தர்மபுரி மாவட்டம் வேடிக்கை பார்க்கிற சாலை உள்ள ஊர் அல்ல. பெங்களூரில் இருந்து வருகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை காரிமங்கலம், தர்மபுரி வழியாகத் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் விளையாட்டுக்கு இடமே கிடையாது.

ஒட்டு மூக்கு, வெட்டு மூக்கு

இதில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று ஒட்டு மூக்கு. பிளாஸ்டிக்கில் செய்தது. பின்னால் டபுள் டேப் இருக்கும். உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இதற்குள் காற்றும் போகாது, ஈயும் போகாது. வெறும் பொம்மை.

இன்னொன்று வெட்டு மூக்கு. டிங்கரிங் பட்டறையில் கிரைண்டரை வைத்து பானட்டை வெட்டுவார்கள். பைபரிலோ தகட்டிலோ செய்த மூக்கை அதன் மேல் வைப்பார்கள். ஸ்குரூ முடுக்கி, பட்டி தடவி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். பார்த்தால் கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே இருக்கும்.

ஒட்டு மூக்கால் போவது காசு. வெட்டு மூக்கால் உயிரே போகலாம். இந்த வித்தியாசத்தை எந்தக் கடைக்காரரும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பெங்களூரில் ஜே.சி. ரோடு என்று கார் சாமான்களுக்குப் பெயர் போன இடங்கள் உண்டு. இப்போது அங்கே போகக்கூட வேண்டாம். செல்போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்து விடுகிறது.

மூக்கு எங்கிருந்து வந்தது?

மூக்கு என்பது முழுக்க ஏமாற்று வேலை என்று சொல்லி விட முடியாது. அதற்கு ஒரு நியாயமான பிறப்பு உண்டு.

டர்போ என்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். அழுத்தினால் காற்று சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க 'இன்டர்கூலர்' என்ற ஒரு பெட்டி உண்டு. ரேடியேட்டருக்குத் தம்பி மாதிரி.

சில கார்களில் இந்தப் பெட்டியை என்ஜினுக்கு மேலேயே வைத்து விட்டார்கள். மேலே வைத்தால் அதற்கு மேலிருந்துதானே காற்று வர வேண்டும்? அதனால்தான் ஜப்பானின் சுபாரு இம்ப்ரெசா காருக்கு மூக்கு. 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் டொயோட்டா பார்ச்சூனருக்கும் அதே காரணத்தால்தான் மூக்கு.

அடுத்த பார்ச்சூனர் 2016-ல் வந்தது. மூக்கைக் காணோம்! தேவை போனதும் கம்பெனியே எடுத்து விட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெளிநாட்டு மினி கூப்பர் எஸ் காரில் முதலில் வைத்த மூக்கு நிஜமாகவே இன்டர்கூலருக்குக் காற்று கொடுத்தது. 2006-க்குப் பிறகு வந்த மாடலில் இன்டர்கூலரைக் காரின் முன்பக்கத்துக்கு மாற்றி விட்டார்கள். ஆனால் மூக்கு மட்டும் அழகுக்காக அப்படியே இருந்தது. கம்பெனியே பொம்மை மூக்கு வைத்த கதை இது!

ஆக, என்ஜினுக்கு மேலே இன்டர்கூலர் இருந்தால் மூக்குக்கு வேலை உண்டு. டர்போவே இல்லாத பெட்ரோல் காருக்கு மூக்கு எதற்கு? மூக்குத்தி மாட்டவா?

கணக்குப் போட்டால் வண்டவாளம் தெரியும்

"வேகமாகப் போகும்போது காற்று மூக்கு வழியாக முட்டிக்கொண்டு உள்ளே போகும். என்ஜினுக்குப் பலம் கூடும்" என்பது பட்டறை விளக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் வண்டவாளம் தெரிகிறது.

100 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற காரின் மேல் முட்டுகிற காற்றின் அழுத்தம், சாதாரணமாக நம்மைச் சுற்றி இருக்கிற காற்றழுத்தத்தில் நூற்றில் அரைப் பங்கு கூட வராது. ஒரு சொட்டுக் காற்றும் வீணாகாமல் அத்தனையும் என்ஜினுக்குள் போனாலும், 100 குதிரை சக்தி உள்ள காருக்குக் கூடுவது சுமார் அரைக் குதிரை!

50 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் அந்த அரைக் குதிரையும் இல்லை. அதில் நாலில் ஒரு பங்குதான். தர்மபுரி பஸ் நிலையத்தைச் சுற்றி ஊர்ந்து போகும்போது பூஜ்யம்.

குளிர்ந்த காற்று கிடைத்தால் என்ஜின் நன்றாக இழுக்கும் என்பது உண்மைதான். உள்ளே போகிற காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று கூடும். ஆனால் இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஏர் பில்டருக்குப் போகிற காற்று, முகப்புக் கிரில் பக்கம் இருந்துதான் எடுக்கப்படுகிறது. அது ஏற்கெனவே வெளிக்காற்று. கம்பெனிக்காரன் செய்து வைத்த வேலையைப் பட்டறையில் இன்னொரு தடவை செய்து என்ன லாபம்?

சூட்டுக்கு இதுவா மருந்து?

"பலத்துக்காக இல்லை அண்ணே, சூட்டுக்காக" என்று சொல்கிறவர்களும் உண்டு. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

சேலத்தில் இருந்து தர்மபுரிக்கு வருகிறவர்களுக்குத் தொப்பூர் மேடு ஏற்றம். சித்திரை வெயிலில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏறினால் பழைய வண்டிகளுக்கு மூச்சு முட்டும். பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிற கார்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

வென்ட் வெட்டினால் சூடு வெளியேறுமா? சரியான இடத்தில் வெட்டினால் வெளியேறும். அந்தச் சரியான இடம் எது என்பதில்தான் கோளாறு.

ஓடுகிற காரில் காற்று பானட்டின் முன்பகுதியில் ஏறி வேகமாக வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைவு. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் அங்கே வென்ட் இருந்தால், உள்ளே இருக்கிற வெப்பக்காற்றை வெளியே உறிஞ்சி எடுக்கும். பந்தயக் கார்களில் வென்ட் அங்கே இருப்பது அதனால்தான்.

முன் கண்ணாடியின் அடியில் நிலைமை நேர்மாறு. காற்று கண்ணாடியில் முட்டி நிற்பதால் அங்கே அழுத்தம் அதிகம். அங்கே ஓட்டை போட்டால் சூடு வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே போகும். ரேடியேட்டர் வழியாக வருகிற காற்றை அது எதிர்த்துத் தள்ளும். சூடு குறைவதற்குப் பதில் கூடினாலும் ஆச்சரியமில்லை!

அந்தக் காலத்தில் அம்பாசடர், பியட் கார்களில் பானட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் வாஷர் வைத்துத் தூக்கி விடுவார்கள். வண்டி நிற்கும்போது அதில் சூடு போகும். ஓடும்போது பலன் இல்லை. காரணம் இதுதான்.

பட்டறையில் இந்த அழுத்தத்தை யாரும் அளப்பதில்லை. எங்கே வைத்தால் பார்வையாக இருக்கும் என்றுதான் சாக்பீசில் கோடு போடுகிறார்கள்.

உண்மையில் வண்டி சூடானால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், பேன், வாட்டர் பம்ப், கூலண்ட். அதிலும் இந்த மாவட்டத்துக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. புளோரைடு மனிதன் பல்லைக் கெடுக்கிறது. போர் தண்ணீரில் இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டர் குழாயை அடைக்கின்றன.

போர் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டரை அடைத்து விட்டு, பானட்டில் ஓட்டை போடுவது எப்படி இருக்கிறது? வயிற்று வலிக்குத் தலையில் தைலம் தேய்ப்பது போல இருக்கிறது!

வெட்டினால் என்ன போகும்?

பானட் என்பது வெறும் மூடி என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு.

பானட்டைத் தூக்கி அடியில் பார்த்தால் வலை மாதிரி ஒரு உள்சட்டம் தெரியும். மேல் தகடு மெல்லியது. பலம் கொடுப்பது அந்தச் சட்டம்தான். முன்னால் பூட்டும் கொக்கிக்கும் பின்னால் கீலுக்கும் நடுவே பானட்டை விறைப்பாக வைத்திருப்பதும் அதுதான்.

கிரைண்டர் அந்தச் சட்டத்தை அறுத்து விட்டால் விறைப்பு போய் விடும். வேகமாகப் போகும்போது பானட் படபடவென்று அடிக்கும். அடிக்க அடிக்க வெட்டின மூலையில் விரிசல் விடும். பட்டி தடவி மூடிய இடத்தில் துருவும் ஏறும். பெயிண்ட் பளபளவென்று இருப்பதால் உள்ளே நடப்பது சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது.

மழை வந்தால் இன்னொரு தொல்லை. ஓட்டைக்கு நேர் கீழே டைனமோ, பியூஸ் பெட்டி, ஒயர்கள், காரின் மூளை என்கிற கம்ப்யூட்டர் பெட்டி என்று எதுவும் இருக்கலாம். கம்பெனி வைக்கிற மூக்கில் தண்ணீரை வடித்து விட வழி செய்திருப்பார்கள். பட்டறை மூக்கில் அந்த வழி எங்கே இருக்கிறது?

தொப்பூரில் இரண்டு விநாடி

பானட்டுக்கு எப்போதும் இரண்டு கொக்கி உண்டு. முதல் கொக்கி விட்டால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். ஆனால் கொக்கி மாட்டியிருக்கிற தகடே கிழிந்து வந்தால் எத்தனை கொக்கி இருந்து என்ன பயன்?

ஓடுகிற காரில் பானட் திறந்தால் அது நேராக முன் கண்ணாடியில் வந்து அறையும். எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. 80 கிலோ மீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண் தெரியாமல் போனால், கார் சுமார் 145 அடி தூரம் குருடாக ஓடியிருக்கும்.

இது தொப்பூர் இறக்கத்தில் நடந்தால்?

அந்த இறக்கத்தின் கதை ஊருக்கே தெரியும். 2020 டிசம்பர் 12-ந் தேதி பிரேக் பிடிக்காத ஒரு சிமெண்டு லாரி, வரிசையில் நின்ற வாகனங்கள் மேல் பாய்ந்ததில் 4 பேர் பலி. 2024 ஜனவரி 24-ந் தேதி இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதி, ஒரு லாரி பாலத்தில் இருந்தே கீழே விழுந்து, மறுபடியும் 4 பேர் பலி. அந்தக் காட்சியைக் காமிரா பதிவில் பார்த்து நாடே நடுங்கியது.

அந்த விபத்துகளுக்கும் பானட் மூக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதற்கு அவை சாட்சி. பின்னால் வருகிற லாரிக்காரர் நல்லவராக இருக்கலாம். அவருடைய பிரேக்கும் நன்றாக இருக்கலாம். ஆனால் எதிரில் போகிற கார் திடீரென்று குருடானால் அவர் என்ன செய்வார்?

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் இறங்குகிற மலைப்பாதையிலும் இதே கதைதான். அங்கே வளைவுக்கு வளைவு குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நடந்து போகிறவர் தலை

இன்னொரு ஆள் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாலையைக் கடக்கிற பாதசாரி.

கார் மோதினால் பாதசாரியின் தலை பானட்டில் வந்து அடிக்கலாம். அதனால் பானட் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கும் அடியில் இருக்கிற என்ஜினுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். இந்தியாவில் இதற்கென்றே ஏ.ஐ.எஸ்.-100 என்று ஒரு விதி இருக்கிறது. 2018 அக்டோபர் முதல் புதிய மாடல் கார்களுக்கும், 2020 அக்டோபர் முதல் ஏற்கெனவே இருந்த மாடல்களுக்கும் அது வந்தது. மனிதத் தலை மாதிரி ஒரு உருண்டையைப் பானட்டில் மோத விட்டுச் சோதிப்பார்கள்.

அப்படிச் சோதித்து வந்த பானட்டின் மேல் கூர் விளிம்புள்ள தகட்டு மூக்கை முடுக்கி வைத்தால், சோதனைக்கே அர்த்தம் இல்லை. காய்கறிக் கூடையோடு சாலையைக் கடக்கிற அம்மாவுக்கு இந்த மூக்கின் அழகு தெரியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம், கம்பெனி முதலில் கொடுத்த அமைப்பில் இருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது.

கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை அடித்துச் சொல்லி விட்டது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அந்தத் தீர்ப்பை அளித்தனர்.

அதே 2019-ல் சட்டத்தைத் திருத்தி 182-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றுகிற உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! மூக்குக்கு ஒரு 5 ஆயிரம், வென்ட்டுக்கு ஒரு 5 ஆயிரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

இன்சூரன்ஸ் தனிக்கதை. மாற்றம் செய்ததை மறைத்து விட்டு, விபத்துக்குப் பிறகு பணம் கேட்டால் கம்பெனி கையை விரிக்கலாம். கார் வாங்கிய கம்பெனியின் வாரண்டிக்கும் அதே கதிதான்.

யாரைப் பிடிப்பது?

இங்கேதான் ஒரு கேள்வி. மாட்டிக்கொள்கிறவர் யார்? சாலையில் காரோடு நிற்கிற பையன். கிரைண்டர் பிடித்த பட்டறை? கல்லாவில் பணம் எண்ணுகிறது!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதே 182-ஏ பிரிவு, விதிக்கு விரோதமாக வண்டியை மாற்றுகிற 'டீலருக்கு' ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. டீலர் என்றால் ஷோரூம்காரர் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். வண்டியைப் பழுது பார்க்கும் தொழில் செய்கிறவரும் டீலர் என்ற வார்த்தைக்குள் வருவார் என்று அதே சட்டத்தின் 2-வது பிரிவு விளக்குகிறது.

அதாவது வெட்டச் சொன்னவருக்கு 5 ஆயிரம். வெட்டியவருக்கு 1 லட்சம்! இந்த ஆயுதம் கையில் இருக்கும்போது அதை ஏன் எடுக்கக் கூடாது?

இதற்கு முன்பும் பார்த்தாயிற்று. 2012 ஏப்ரலில் கார்க் கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்பு பிலிமுக்கு சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2017 டிசம்பரில் காரின் முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பித் தடுப்புக்கு எதிராக மத்திய அரசு கடிதம் எழுதியது. இரண்டு தடவையும் போலீசார் சாலையில் நின்று கிழித்தார்கள், கழற்றினார்கள். விற்ற கடை அப்படியே இருந்தது. கழற்றியதை மறுபடி மாட்ட எத்தனை நாள் ஆகும்?

அதற்காகச் சின்னப் பட்டறைக்காரர் வயிற்றில் அடிக்க வேண்டும் என்பதல்ல. டிங்கரிங், பெயிண்டிங் என்று கைத்தொழிலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. ஆர்.டி.ஓ. அலுவலகம் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டுச் சொல்லட்டும். எது ஒட்டு வேலை, எது வெட்டு வேலை என்று தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கட்டும். சொன்ன பிறகும் வெட்டினால் வழக்குப் போடட்டும்.

பாளையம் சுங்கச்சாவடியில் எல்லாக் காரும் நின்றுதான் போகிறது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ஒருவர் அங்கே நின்று பானட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால், எது கம்பெனி மூக்கு, எது கிரைண்டர் மூக்கு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்து விடும். உள்சட்டம் அறுபட்ட வண்டி தொப்பூருக்குள் இறங்கக் கூடாது.

வேகம் வேண்டுமா? இடம் இருக்கிறது!

இளைஞர்களுக்குக் காரின் மேல் ஆசை இருப்பது குற்றம் அல்ல. தமிழ்நாடு கார் பந்தயத்துக்குப் பேர் போன மாநிலம். சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் பந்தயம் ஓட்டிய காலம் உண்டு. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தய மைதானம் வந்தது. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. 2005-ல் பார்முலா-1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்தான்.

அங்கே மூக்கு வைக்கலாம், வென்ட் வெட்டலாம். ஆனால் அங்கே பானட் பறக்காமல் இருக்கக் கூடுதலாகப் பின் போட வேண்டும். ஹெல்மெட் போட வேண்டும். வண்டியைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். எதிரே லாரி வராது. குறுக்கே குழந்தை ஓடாது. பந்தயக்காரன் காட்டுகிற அந்த ஜாக்கிரதையில் பாதியாவது பட்டறை மூக்குக்காரரிடம் உண்டா?

காரை வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும். "இந்த ஓட்டையால் எவ்வளவு பலம் கூடும், எவ்வளவு சூடு குறையும்? எழுதிக் கொடுங்கள் அண்ணே!"

எழுதிக் கொடுக்கிற பட்டறைக்காரர் கிடைப்பது கஷ்டம். கிடைக்கவில்லை என்றால் கிரைண்டருக்குக் கொடுக்க இருந்த காசில் நல்ல டயரும் பிரேக் பேடும் கூலண்டும் வாங்கிப் போடலாம். தொப்பூர் இறக்கத்தில் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். மூக்கு அல்ல!